உங்களுக்குத் தெரியுமா? விண்மீன் பிறக்கும் இடத்தில் பாஸ்பரஸ்

◆ சூரியனில் ஒரு பாஸ்பரஸ் அணுவைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 40 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களைத் தாண்டித் தேட வேண்டும். உயிருக்கு அடிப்படை என்று சொல்லப்படும் தனிமங்கள் ஆறு: ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், பாஸ்பரஸ். இந்த ஆறில் ஆகக் குறைவாக இருப்பது பாஸ்பரஸ்தான். ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 50 கந்தகம், 260 நைட்ரஜன், 1,000 கார்பன், 1,900 ஆக்சிஜன் என்பது சூரியனின் கணக்கு. விண்வெளியில் பாஸ்பரஸைத் தேடுகிறவர்கள் எந்த வாயு மேகத்தைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கணக்கோடுதான் ஒப்பிடுகிறார்கள். அங்கே இருக்க வேண்டியது எவ்வளவு, கண்ணுக்குப் படுவது எவ்வளவு என்ற கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது.

◆ இவ்வளவு அரிதான தனிமம் வளர்ந்த மனித உடம்பில் சுமார் 700 கிராம் இருக்கிறது! அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சமுள்ள சொற்ப அளவுதான் மிகப் பெரிய வேலைகளைப் பார்க்கிறது. டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் சர்க்கரைக்கு அடுத்துப் பாஸ்பேட், பாஸ்பேட்டுக்கு அடுத்துச் சர்க்கரை. செல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் பாஸ்பேட். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்று பாஸ்பேட். உரக்கடையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மணிச்சத்தும் இதுதான்.

◆ உயிர் ஏன் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டது? அமெரிக்க வேதியியலர் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் முதலில் எடுத்துப் படிக்கப்படுகிற பதில். பாஸ்பேட் இரண்டு பக்கமும் கை கோத்து இரு மூலக்கூறுகளை இணைக்கும். அப்படி இணைத்த பிறகும் அதனிடம் ஓர் எதிர்மின்னூட்டம் மிச்சம் இருக்கும். அந்த மின்னூட்டம் இரண்டு காவல் வேலைகளைச் செய்கிறது. தண்ணீர் வந்து பிணைப்பை அறுத்துவிடாமல் தடுக்கிறது. மூலக்கூறு சவ்வைத் தாண்டி வெளியே கசிந்துவிடாமலும் பிடித்து வைக்கிறது. வேறு எந்த அமிலத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலும் இந்த இரண்டும் இவ்வளவு ஒழுங்காக அமையவில்லை என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

அதே 1987ஆம் ஆண்டில்தான் விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் பாஸ்பரஸ் கொண்ட மூலக்கூறு முதன்முதலாகச் சிக்கியது. அதற்கு வருமுன் இந்த அணு எங்கே உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

◆ பாஸ்பரஸை உருவாக்கும் உலை, சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறைகொண்ட பெரிய விண்மீன்களின் உட்பகுதி. கார்பனும் நியானும் எரியும் அடுக்குகளில் வெப்பம் ஏறத்தாழ 100 கோடி டிகிரி. அங்கே அலையும் நியூட்ரான் ஒன்றைச் சிலிக்கான்-30 அணு விழுங்கினால் சிலிக்கான்-31 ஆகிறது. அது நிலைக்காது. அதன் அரையாயுள் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். சிதையும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, பாஸ்பரஸ்-31 பிறந்துவிடும். இயற்கையில் நிலையாக இருக்கும் பாஸ்பரஸ் இந்த ஒரே வகைதான். உங்கள் பல்லில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி சூரியன் பிறப்பதற்கு முன்பே ஏதோ சில பெரிய விண்மீன்களுக்குள் இந்த வழியாக வந்தது.

◆ திருவாதிரை நட்சத்திரம் அப்படிப்பட்ட பெரிய விண்மீன்தான். சிவந்து ஊதிப்போன அது, ஒருநாள் மீயொளிர் விண்மீனாக வெடிக்கும். வெடிக்கும்போது உள்ளே சமைத்து வைத்த பாஸ்பரஸையும் வெளியே வீசிவிட்டுப் போகும்.

◆ 1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஹெனிக் பிராண்ட், தங்கம் செய்யும் வழி தேடிச் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கடைசியில் இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அதுதான் பாஸ்பரஸ். கண்டுபிடித்தவர் பெயர் தெரிந்த முதல் தனிமம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதே 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சுமார் 11,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் காசியோப்பியா திசையில் வெடித்துச் சிதறிய ஒரு பெரிய விண்மீனின் ஒளி பூமியைக் கடந்துகொண்டிருந்தது. வெடிப்பின் மிச்சத்தைக் ‘காசியோப்பியா ஏ’ என்கிறோம். 2013இல் வானியலாளர்கள் அகச்சிவப்பு ஒளியில் அந்தச் சிதறலை அலசியபோது, சில கட்டிகளில் இரும்போடு ஒப்பிட்ட பாஸ்பரஸ் அளவு, பால்வீதியின் சராசரியைப் போல 100 மடங்குவரை இருந்தது! விண்மீன்தான் பாஸ்பரஸை உருவாக்குகிறது என்று ஏட்டில் இருந்ததற்கு இது நேரடிச் சாட்சி.

◆ எல்லாக் கணக்கும் சரியாகிவிடவில்லை. 2020இல் விண்மீன்களின் நிறமாலைத் தொகுப்பு ஒன்றைத் துருவியபோது, பாஸ்பரஸ் மிதமிஞ்சியும், மெக்னீசியம், சிலிக்கான் போன்ற வேறு சில தனிமங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும் 15 விண்மீன்கள் கிடைத்தன. இன்றைய எந்தக் கணிப்பும் அவற்றுக்கு இதுவரை முழுதாகப் பொருந்தவில்லை.

◆ விண்மீன்களுக்கு இடையே வாயு மெலிதாகப் பரவிக் கிடக்கும் இடங்களில் பாஸ்பரஸ் அவ்வளவாக ஒளிந்துகொள்வதில்லை. ஓர் எலக்ட்ரானை இழந்த அயனியாக அலைகிறது. 1972இல் ஏவப்பட்ட கோப்பர்நிகஸ் செயற்கைக்கோள் புறஊதா ஒளியில் அதன் தடயங்களைக் கண்டது. ஆனால் அதே வாயு ஒன்றுகூடி இருண்ட, குளிர்ந்த மேகமாகச் செறியும்போது, மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குளிர்ந்துபோகும்போது, பாஸ்பரஸ் வாயுவிலிருந்து காணாமல் போகிறது. தூசித் துகள்மேல் ஒட்டிக்கொள்கிறது. விண்மீன்கள் பிறப்பது இந்த இருண்ட மேகங்களுக்குள்தான் என்பதால், பாஸ்பரஸைத் தேட வேண்டிய இடமும் அது ஒளிந்திருக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன. இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

◆ சரி, 1987க்கு வருவோம். அமெரிக்காவில் லூசி ஜியூரிஸ் தனியாகவும், பாரி டர்னரும் ஜான் பாலியும் சேர்ந்தும், ஒரே சமயத்தில் பாஸ்பரஸ் நைட்ரைடு மூலக்கூறைக் கண்டார்கள். ஒரு பாஸ்பரஸ், ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான். கண்ட இடங்கள் ஓரியன் நெபுலாவின் பின்னால் உள்ள மேகம், கழுகு விண்மீன் குழுவில் உள்ள டபிள்யூ51, பால்வீதியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ள தனுசு பி2. மூன்றும் பெரிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடங்கள். ஓரியன் நெபுலாவை டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஓரியனின் இடுப்பு என்று சொல்லப்படும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலான திட்டாகத் தெரியும். டபிள்யூ51 இருப்பது திருவோண நட்சத்திரம் இருக்கும் அதே குழுவில். ஆனால் அது திருவோணத்தை விடப் பல ஆயிரம் ஒளியாண்டுகள் பின்னால் இருக்கிறது.

◆ ஒளியே வராத இருண்ட மேகத்துக்குள் ஒரு மூலக்கூறு இருப்பது எப்படித் தெரிகிறது? இரு முனையிலும் எடை கட்டிய கம்பு சுழல்வதைப் போல, பாஸ்பரஸ் நைட்ரைடு வெளியில் சுழன்றுகொண்டே இருக்கிறது. அந்தச் சுழற்சி இஷ்டத்துக்கு மாறாது. படிப்படியாகத்தான் குறையும். ஒரு படி இறங்கும் ஒவ்வொரு தடவையும் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ அலை வெளிவரும். முதல் படி 46.99 ஜிகாஹெர்ட்ஸ். அடுத்தது 93.98. அதற்கடுத்தது 140.97. வரிசையாகப் பாருங்கள், ஒவ்வொன்றும் முதல் எண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு. ரேடியோ தொலைநோக்கியின் திரையில் இந்த இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தால், அது பாஸ்பரஸ் நைட்ரைடுதான். ஒரே ஒரு மேட்டை வைத்து யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். வேறு நூறு மூலக்கூறுகளின் கோடுகள் அக்கம்பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும். இரண்டு மூன்று படிகள் ஒன்றாகப் பொருந்த வேண்டும், அவற்றின் வேகமும் அகலமும் ஒத்துப்போக வேண்டும்.

◆ பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த பாஸ்பரஸ் மோனாக்சைடு, வேதியியலர்களுக்கு இன்னும் முக்கியம். உயிரில் நாம் காணும் பாஸ்பேட் எல்லாம் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பால் ஆனவை அல்லவா? ஆனால் விண்மீன் பிறக்கும் இடங்களில் அது அகப்பட 1987க்குப் பிறகு 29 ஆண்டுகள் பிடித்தன. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் 30 மீட்டர் தொலைநோக்கியால் 2016இல் விக்டர் ரிவில்யாவின் குழு டபிள்யூ51இலும் டபிள்யூ3 மேகத்திலும் அதைக் கண்டது. இதன் மூலக்கூறில் ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான் இருப்பதால் கோடு ஒன்றாக வராமல் பிளவுபடும். 109 ஜிகாஹெர்ட்ஸ் அருகில் நான்கு கோடுகள் ஒரு கூட்டமாக வரும். நான்கும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அவர்கள் கண்டது இன்னொன்றும் உண்டு. மோனாக்சைடு நைட்ரைடைவிட அதிகம், ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு. பிறகு வேறு பல இடங்களில் பார்த்தபோதும் பெரும்பாலும் இதே நிலைதான்.

◆ அமோனியா வாயு 1968இலேயே விண்வெளி மேகங்களில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. தனிம அட்டவணையில் நைட்ரஜனுக்கு நேர் கீழே இருப்பது பாஸ்பரஸ். அமோனியாவுக்கு இணையான அதன் மூலக்கூறு பாஸ்பீன். அமோனியாவைப் போலவே இதுவும் தாராளமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் விண்மீன் பிறக்கும் மேகங்களில் பாஸ்பீனைப் பார்க்க முடிவதில்லை. காரணம் சுவையானது. குளிர்ந்த வாயுவில் பாஸ்பரஸ் அயனி ஹைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரிவதில்லை. அந்த வினைக்கு வெளியிலிருந்து ஆற்றல் தேவை, குளிரில் அது கிடையாது. சுற்றிலும் ஹைட்ரஜன் கடலாக இருந்தும் பாஸ்பரஸ் அதைத் தொடாமல், அரிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும்தான் போய்ப் பிடிக்கிறது. எனக்கு இந்தத் தனிமத்தின்மேல் பிடிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

◆ பாஸ்பீன் தெரியும் இடங்களும் உண்டு. வியாழன், சனி இரண்டின் காற்று மண்டலத்திலும் இருக்கிறது. மகம் நட்சத்திரத்துக்கு மேற்கே சில டிகிரி தள்ளி, சுமார் 400 ஒளியாண்டு தொலைவில், வயதாகிப் போய்த் தன் மேலடுக்குகளை உதிர்த்துக்கொண்டிருக்கும் ஒரு கார்பன் விண்மீன் உண்டு. பெயர் ஐ.ஆர்.சி.+10216. அதைச் சுற்றிய புகையிலும் பாஸ்பீன் இருக்கிறது. அந்த ஒரே விண்மீனைச் சுற்றிப் பாஸ்பரஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 1990இல் பாஸ்பரஸ்–கார்பன், 2007இல் அதோடு ஹைட்ரஜன் சேர்ந்த ஒன்று, 2008இல் இரண்டு கார்பன் சேர்ந்த ஒன்று, 2022இல் பாஸ்பரஸ்–சிலிக்கான். மரணப் படுக்கையில் இருக்கும் விண்மீன் இவ்வளவு காட்டுகிறது. பிறக்கும் விண்மீன்கள் காட்டுவது நைட்ரைடு, மோனாக்சைடு என்ற இரண்டைத்தான்.

◆ வெள்ளிக் கோளில் பாஸ்பீன் இருப்பதாக 2020இல் எழுந்த பரபரப்பு நினைவிருக்கலாம். அங்கே பார்க்கப்பட்டது சுமார் 267 ஜிகாஹெர்ட்ஸில் வரும் பாஸ்பீன் கோடு. வெள்ளி பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

◆ விண்வெளியில் பாஸ்பரஸ் மோனாக்சைடு முதலில் கிடைத்ததும் ஒரு முதிய விண்மீனில்தான். பெருநாய் விண்மீன் குழுவில் உள்ள வி.ஒய். என்னும் செம்பேருருவ விண்மீன். ஆண்டு 2007. அதன் புகையில் ஆக்சிஜன் மிகுதி, ஆகவே மோனாக்சைடும் உண்டு.

◆ குளிர்ந்த மேகத்தில் தூசிமேல் ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை வெளியே கொண்டுவருவது யார்? பிறக்கும் விண்மீனேதான்! குழந்தை விண்மீன் சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்கும்போது, ஒரு பகுதியைத் தன் இரு துருவங்கள் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. வினாடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அந்தத் தாரை, அமைதியாகக் கிடக்கும் மேகத்தில் மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை எழும். தூசித் துகளின் பனிமேலாடை பெயர்ந்து வாயுவாகும், துகளே கொஞ்சம் உடையவும் செய்யும். அதிலிருந்து பாஸ்பரஸ் வெளிப்படும்.

இதை அறியச் செபியஸ் குழுவில், 1,150 ஒளியாண்டு தொலைவில் உள்ள எல்1157 நல்ல இடம். சூரியனைப் போன்ற ஒரு சிறிய விண்மீன் அங்கே பிறந்துகொண்டிருக்கிறது. அதன் தாரை மேகத்தில் மோதும் இடத்துக்கு பி1 என்று பெயர். 2011இல் ஜப்பானின் நோபெயாமா தொலைநோக்கி அங்கே பாஸ்பரஸ் நைட்ரைடைக் கண்டது. 2016இல் மோனாக்சைடும் கிடைத்தது. குழந்தை விண்மீன் இருக்கும் இடத்தை நோக்கித் திருப்பினால் ஒன்றும் இல்லை. மோதல் நடக்கும் பி1இல் மட்டும்தான்! சிலிக்கான் மோனாக்சைடு என்ற மூலக்கூறும் துகள் உடைகிற இடத்தில்தான் வாயுவாக வெளிவரும். பாஸ்பரஸ் நைட்ரைடு வேறு பல மேகங்களிலும் அதனோடு கூடவே வருகிறது.

◆ அதே இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்1157இன் பி1இல் மோனாக்சைடு, நைட்ரைடு இரண்டையும் கூட்டினால் சூரியக் கணக்குப்படி இருக்க வேண்டிய பாஸ்பரஸில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் தேறுகிறது. அவ்வளவு பெரிய மோதலுக்குப் பிறகும் மீதி 99 பங்கு பெரும்பாலும் துகளுக்குள் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. எந்த வடிவில்? பாஸ்பீன் பனியாகவா, இரும்பு–நிக்கலோடு சேர்ந்த கனிமமாகவா, அபடைட் போன்ற பாஸ்பேட் கனிமமாகவா? இந்தத் துறையில் இன்றைய தலைக்கேள்வி இதுதான்.

◆ சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்துச் சாக்னாந்தோர் சமவெளியில் 66 ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக வேலை செய்கின்றன. ஆல்மா என்று பெயர். அது வந்த பிறகுதான் பாஸ்பரஸ் மேகத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று படமாகவே வரைய முடிந்தது. சாரதி விண்மீன் குழுவில், சுமார் 7,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய விண்மீன்கள் பிறக்கும் ஏ.எஃப்.ஜி.எல். 5142 என்ற மேகத்தை அது பார்த்தது. முடிவு 2020 ஜனவரியில் வெளியானது.

கிட்டப் போய்ப் பாருங்கள். குழந்தை விண்மீனிலிருந்து கிளம்பும் தாரை மேகத்தைக் குடைந்து ஒரு பொந்து செய்திருக்கிறது. பொந்தின் உள்ளே காலி. சுவர்களில் மட்டும் வாயு அடர்த்தியாக இருக்கிறது. பாஸ்பரஸ் மூலக்கூறுகள் அந்தச் சுவரில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளில் மட்டும் ஒளிர்ந்தன. விண்மீனின் நடுவில் இல்லை, மேகத்தின் வெளிப்பகுதியிலும் இல்லை. அந்தப் புள்ளிகளில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் அதிர்ச்சி அலை துகளிலிருந்து பாஸ்பரஸைப் பெயர்க்கிறது. பிறகு, பொந்தின் வழியே தடையில்லாமல் வரும் புறஊதா ஒளி அங்குள்ள மூலக்கூறுகளைப் பிளக்கிறது. தண்ணீர் உடைந்து கிடைக்கும் ஓ.எச். துண்டைப் பாஸ்பரஸ் அணு சந்திக்கும்போது மோனாக்சைடு உருவாகிறது. மோதலும் ஒளியும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் காரியம் நடக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு காலம் தட்டுப்படவில்லை என்று யோசித்தால் விடை தானாகக் கிடைக்கும். ஒற்றைத் தொலைநோக்கிக்கு இந்தச் சின்னஞ்சிறு புள்ளிகள் எல்லாம் மேகத்தின் மற்ற பகுதியோடு கலந்து மங்கிப்போகும்.

◆ அதே ஆய்வின் மறுபாதி ஒரு வால்மீனைப் பற்றியது. 1969இல் சோவியத் வானியலாளர்கள் கிளிம் சூர்யூமோவும் ஸ்வெத்லானா கெராசிமென்கோவும் கண்டுபிடித்த 67பி. ஐரோப்பாவின் ரோசெட்டா விண்கலம் 2014 ஆகஸ்ட்டில் அதை அடைந்து, 2016 செப்டம்பர்வரை கூடவே சுற்றியது. ரோசினா என்ற கருவி வால்மீனைச் சுற்றிய வாயுவை உறிஞ்சி ஒவ்வொரு துணுக்கின் நிறையையும் அளந்தது. அதில் பாஸ்பரஸின் தடயம் இருந்ததைச் சுவிட்சர்லாந்தின் காத்ரின் ஆல்ட்வெக் குழு 2016இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பாஸ்பரஸை எந்த மூலக்கூறு சுமந்து வந்தது என்பது மட்டும் புலப்படவில்லை.

ஒரு கருத்தரங்கில் ஆல்ட்வெக் இதைப் பற்றிப் பேசி முடித்ததும், ஆல்மாவில் விண்மீன் பிறப்பிடங்களை ஆராயும் ஒரு வானியலாளர் அவரிடம் வந்து, பாஸ்பரஸ் மோனாக்சைடாக இருக்கலாமே, பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆல்ட்வெக் திரும்பிப் போய்ப் பழைய தரவைப் புரட்டினார். இருந்தது! பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் 16, கூட்டினால் 47. அந்த நிறையில் அது காத்திருந்தது. நைட்ரைடைவிடக் குறைந்தது 10 மடங்கு அதிகம். வால்மீன்கள் கோள்களோடு சேர்ந்து பிறந்து, அன்றைய பனியை அப்படியே உறையவைத்துப் பாதுகாப்பவை. பிறக்கும் விண்மீனின் பொந்துச் சுவரில் உருவான மூலக்கூறு பனியில் உறைந்து, வால்மீனில் ஏறி, கோளில் விழுவதற்கு ஒரு பாதை இருக்கிறது என்று முதன்முதலாக இரு முனையையும் பிடித்துக் காட்ட முடிந்தது. வானியலில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. தொலைநோக்கிக்காரரும் விண்கலக்காரரும் ஒரே அறையில் இருந்ததால் கிடைத்தது.

◆ வால்மீன் 67பியிலிருந்து வந்த திடமான தூசித் துகள்களிலும் பாஸ்பரஸ் உண்டு. ரோசெட்டாவின் மற்றொரு கருவியான கொசிமா பிடித்து வைத்த துகள்களில் அது இருப்பது 2020இல் தெரிந்தது.

◆ பால்வீதியின் மையத்துக்குப் பக்கத்தில் ஜி+0.693 என்று ஒரு மேகம். விண்மீன் எதுவும் அங்கே இன்னும் பிறக்கவில்லை. ஆனால் மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மெல்லிய அதிர்ச்சி அலைகள் ஓயாமல் அதைக் கலக்குகின்றன. அண்டக் கதிர்களும் மிக அதிகம். 2022இல் அங்கே பாஸ்பரஸ் மோனாக்சைடின் அயனி கண்டறியப்பட்டது. பாஸ்பரஸ் கொண்ட மூலக்கூறு அயனி ஒன்று விண்வெளியில் சிக்கியது அதுவே முதல் தடவை.

◆ மையத்திலிருந்து நேர் எதிர்ப்பக்கம், பால்வீதியின் ஓரத்துக்குப் போனால் என்ன ஆகும்? சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. டபிள்யூ.பி.89-621 என்ற மேகம் இருப்பது சுமார் 74,000 ஒளியாண்டு தொலைவில். அங்கே பெரிய விண்மீன்கள் அபூர்வம், ஆகவே பாஸ்பரஸும் இருக்காது என்றுதான் எண்ணியிருந்தார்கள். 2023இல் லூசி ஜியூரிஸின் குழு அங்கே மோனாக்சைடையும் நைட்ரைடையும் கண்டது. 1987இல் முதல் மூலக்கூறைக் கண்ட அதே ஜியூரிஸ்தான்! பெரிய விண்மீன் வெடிப்பில் மட்டும் பாஸ்பரஸ் வருவதென்றால் இதை விளக்க முடியாது. வெடிக்காமல் மெல்ல அணையும் நடுத்தர விண்மீன்களும் நியூட்ரான் விழுங்கும் வழியாகக் கொஞ்சம் பாஸ்பரஸ் உருவாக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

◆ பால்வீதிக்கு வெளியே? 1783இல் கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்த என்.ஜி.சி. 253 என்ற அண்டம் சுமார் 1.1 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவில் விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. 2022இல் ஆல்மா அங்கே பாஸ்பரஸ் நைட்ரைடைக் கண்டது. வேறோர் அண்டத்தில் பாஸ்பரஸ் மூலக்கூறு கிடைத்தது அதுவே முதல் தடவை.

◆ துகளின் பனிக்குள் பாஸ்பீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன நேரும்? ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கைசர் குழு இதைச் செய்தே பார்த்தது. தண்ணீர், கார்பன் டையாக்சைடு, பாஸ்பீன் மூன்றையும் மைனஸ் 268 டிகிரியில் மெல்லிய பனிப்படலமாக உறையவைத்து, அண்டக் கதிர் செய்யும் வேலையைச் செய்யும்படி எலக்ட்ரான்களால் தாக்கினார்கள். 2018இல் வந்த முடிவுப்படி அந்தப் பனிக்குள் பாஸ்பாரிக் அமிலம் உருவானது. இரண்டு பாஸ்பேட் இணைந்த அமிலமும் உருவானது.

◆ பூமியில் பாஸ்பரஸ் நிறையவே இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி கால்சியத்தோடு சேர்ந்து பாறையாகிவிட்டது. அது தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. உயிர் தோன்றிய காலத்தில் கரையக்கூடிய பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு பதிலை இரும்பு விண்கற்கள் வைத்திருக்கின்றன. அவற்றில் ஷ்ரைபர்சைட் என்ற கனிமம் இருக்கிறது. இரும்பும் நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்தது, புதிதாக வெட்டிய முகத்தில் வெள்ளியைப் போல மின்னும். 2005இல் மேத்யூ பாசெக்கும் டான்டே லாரெட்டாவும் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். கனிமம் அரித்து, கரையக்கூடிய பாஸ்பரஸ் சேர்மங்கள் வெளிவந்தன. மின்னல் மண்ணைத் தாக்கும் இடத்திலும் இதே ஷ்ரைபர்சைட் உருவாகலாம். 2016இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மின்னல் விழுந்து உருகிய மண்கட்டியில் அது இருந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. விண்கல்தான் தந்தது, மின்னல்தான் தந்தது என்று கட்சி கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. 450 கோடி ஆண்டுக் கணக்கில் இரண்டுக்குமே நேரம் இருந்திருக்கிறது.

◆ சனியின் துணைக்கோள் என்செலடஸ் தன் பனி ஓட்டுக்கு அடியில் உள்ள கடலிலிருந்து நீரைப் பீய்ச்சி அடிக்கிறது. காசினி விண்கலம் பிடித்த அதன் பனித்துகள்களில் பாஸ்பேட் இருந்தது 2023இல் வெளியாயிற்று. அந்தக் கடலில் பாஸ்பேட் பூமியின் கடலைவிடக் குறைந்தது 100 மடங்கு!

◆ 2023 செப்டம்பர் 24 அன்று ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்துவந்த 121.6 கிராம் மண், அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. பிரித்துப் பார்த்தபோது கறுத்த கற்களின்மேல் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. மெக்னீசியம்–சோடியம் பாஸ்பேட். தண்ணீரில் கரையும் வகை. பென்னுவின் தாய்ப்பாறையில் ஒரு காலத்தில் நீர் இருந்து, அது வற்றியபோது இந்தப் படிவு தங்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 ரியுகு சிறுகோளிலிருந்து 2020இல் கொண்டுவந்த மண்ணிலும் இதற்கு உறவான பாஸ்பேட் உண்டு. பென்னுவில் கிடைத்த துகள்கள் அதைவிடப் பெரியவை, கலப்பும் குறைவு. ஆய்வுக்குழுவின் தலைவர், 2005இல் பாசெக்கோடு சேர்ந்து ஷ்ரைபர்சைட்டை ஊறவைத்த அதே டான்டே லாரெட்டா.